ஐரோப்பாவுக்கு இசை கேட்கப் போகிறவர்களுக்கு



ஐரோப்பாவின் இசைப் பருவம் செப்டம்பரில் தொடங்கி ஜூன் இறுதியில் முடிகிறது. வியன்னா, பெர்லின், டிரெஸ்டன், பிராக் நகரங்களின் நிரந்தர ஓபரா அரங்குகள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். இசைக்கலைஞர்கள் விடுமுறைக்கோ கோடை விழாக்களுக்கோ போய்விடுவார்கள். உச்சக் கோடையில் வியன்னாவில் இறங்கும் பயணி அரசு ஓபராவின் படிக்கட்டைப் படம் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். ஆகவே இசைக்கான பயணத்தில் முதலில் விரிக்க வேண்டியது அரங்குகளின் நாட்காட்டி. ஊர்களின் வரிசை அதற்குப் பிறகுதான் வரும்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு, பலரும் கவனிப்பதில்லை. பள்ளிகளின் கோடை விடுமுறை விழும் மே மாதம் ஐரோப்பியப் பருவத்தின் கடைசிக் கட்டம். அரங்குகள் முழு மூச்சில் இயங்கும். பிராக் வசந்த விழா ஆண்டுதோறும் மே 12ஆம் தேதி தொடங்குகிறது. செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டனா மறைந்த நாள் அது. அவருடைய ‘என் தாய்நாடு’ என்ற ஆறு இசைச் சித்திரங்களோடு விழாவைத் தொடங்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பகல் நீண்டிருக்கும், குளிர் தணிந்திருக்கும். மே மாதத்துக்கு அடுத்தபடியாக அக்டோபரைச் சொல்லலாம். டிசம்பரும் நல்ல மாதந்தான், ஆனால் ஆண்டிறுதி வாரங்களில் டிக்கெட் விலையும் விடுதி வாடகையும் ஏறிவிடும். தொலைக்காட்சியில் உலகம் முழுதும் பார்க்கும் வியன்னாப் புத்தாண்டுக் கச்சேரிக்குச் சீட்டுகள் குலுக்கல் முறையில் கிடைக்கின்றன. அதற்கு ஆண்டின் தொடக்கத்திலேயே, ஏறக்குறைய பதினோரு மாதம் முன்பே, விண்ணப்பிக்க வேண்டும். அதே நிகழ்ச்சி டிசம்பர் 30, 31 தேதிகளிலும் நடக்கிறது.

இவ்வளவு தூரம் போய்க் கேட்க அங்கே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இசைத்தட்டிலும் கைப்பேசியிலும் எல்லாமே கிடைக்கும் காலம் இது. ஆனால் ஒலிபெருக்கி இல்லாத இசை பதிவில் கிடைப்பதில்லை. சென்னைச் சபாக்களில் பாடகர் முன்னாலும் மிருதங்கத்தின் முன்னாலும் மைக் இருக்கும். ஓபரா அரங்கில் பாடகருக்கும் கேட்பவருக்கும் நடுவே காற்று மட்டுமே இருக்கிறது. எழுபது எண்பது வாத்தியங்களைத் தாண்டி ஒற்றைக் குரல் 2,000 பேரைச் சென்று சேர்கிறது. இதற்கு ஒலியியல் விளக்கம் உண்டு. இசைக்குழுவின் ஒலி ஆற்றல் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் அருகே குவிந்திருக்கிறது. பயிற்சி பெற்ற ஓபராப் பாடகர், குறிப்பாக ஆண் பாடகர், தொண்டையின் அமைப்பை மாற்றித் தம் குரலின் வலிமையை 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் திரட்டுகிறார். அந்த உயரத்தில் இசைக்குழு மெலிந்திருப்பதால் குரல் முன்னே வருகிறது. மெல்லிய குரலில் பாடும்போதுகூடக் கடைசி மாடத்தில் நிற்பவருக்குக் காதருகே பாடுவதுபோல் கேட்பது இதனால்தான். இந்த அனுபவத்துக்காகத்தான் பயணம் என்று முடிவானால், மற்ற எல்லாத் தேர்வுகளும் அதையொட்டி அமைந்துவிடும். நகரங்கள் குறையும், ஒவ்வொரு நகரிலும் மாலைகள் கூடும்.

அரங்குகள் நிகழ்ச்சி அமைக்கும் முறை இரண்டு வகை. வியன்னா அரசு ஓபரா முதல் வகை. பருவத்தில் சுமார் 300 நாள்கள் திரை உயர்கிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட ஓபராக்கள் சுழற்சியில் வருகின்றன. இன்று புச்சினி, நாளை மொசார்ட், மறுநாள் வாக்னர் என்று மேடை ஒவ்வொரு நாளும் மாற்றப்படும். பெர்லின், டிரெஸ்டன், மியூனிக் அரங்குகளும் இதே வழியில் செல்கின்றன. மிலான் நகரின் லா ஸ்காலா இரண்டாம் வகை. ஒரு படைப்பை வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து, சில நாள் இடைவெளி விட்டு ஆறேழு முறை நடத்தி, பிறகு அடுத்ததற்குப் போவார்கள். பயணிக்கு இதன் பொருள் மிகத் தெளிவு. வியன்னாவில் நான்கு இரவு தங்கினால் மூன்று ஓபரா கேட்க வாய்ப்புண்டு. மிலானில் நான்கு இரவு தங்கினால் ஒன்று கிடைக்கலாம். ஒத்திகை வாரமாக இருந்தால் ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம்.

சுழற்சி முறைக்கு ஒரு விலையும் உண்டு. அன்றாடம் மாறும் மேடையில் பழைய தயாரிப்புகளுக்கு ஒத்திகை மிகக் குறைவு. வியன்னாவில் இன்றும் நடக்கும் ‘டோஸ்கா’, மார்கரெட்டே வால்மன் 1958இல் இயக்கிய தயாரிப்பு. அறுநூறு தடவைக்கு மேல் மேடையேறிவிட்டது. பாடகர்கள் வருவார்கள், போவார்கள்; திரைச்சீலையும் நாற்காலியும் அதே இடத்தில் இருக்கும். அதைக் குறையாகக் கொள்ளத் தேவையில்லை. முதன்முறை ‘டோஸ்கா’ பார்ப்பவருக்குக் கதை நடக்கும் ரோமாபுரியே கண்முன் எழும் அத்தகைய மேடைதான் நல்லது.

அடுத்த பருவத்தின் முழு நிகழ்ச்சி நிரலைப் பெரும்பாலான அரங்குகள் வசந்த காலத்தில் வெளியிடுகின்றன. விற்பனை தொடங்கும் நாள் அரங்குக்கு அரங்கு வேறுபடும். சில இடங்களில் பருவம் முழுவதற்கும் ஒரே நாளில் விற்பனை திறக்கும்; சில இடங்களில் நிகழ்ச்சிக்கு ஓரிரு மாதம் முன்புதான் திறக்கும். ஒவ்வொரு அரங்கின் இணையதளத்திலும் இந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, அந்த இணையதளத்திலேயே டிக்கெட் எடுப்பது பாதுகாப்பு. தேடலில் முதலில் வந்து நிற்கும் இடைத்தரகர்கள் அதே இருக்கையை இரட்டை விலைக்கு விற்கிறார்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்னதாக விண்ணப்பிக்க முடியாது. பதினைந்து நாள்களுக்குக் குறையவும் கூடாது. விண்ணப்பம் கொடுக்க வேண்டிய நாடு, பயணத்தில் அதிக நாள் தங்கும் நாடு. ஐந்து இரவு ஆஸ்திரியாவிலும் எட்டு இரவு ஜெர்மனியிலும் என்றால் ஜெர்மனி. நேர்காணல் நாள் கிடைப்பதே மே மாதப் பயணிகளுக்குப் பெரும்பாடாக இருக்கும். எனவே விசா கைக்கு வருமுன்னரே சில டிக்கெட்டுகளை எடுக்கும் துணிவு தேவைப்படும். மிக முக்கியமான ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளுக்கு மட்டும் முன்பே பணம் கட்டிவிட்டு, மற்றவற்றை விசா வந்த பின் எடுப்பது நடைமுறைக்கு ஏற்ற வழி. லண்டனையும் சேர்க்க விரும்பினால் பிரிட்டனுக்குத் தனி விசா, தனிச் செலவு. முதல் இசைப் பயணத்தில் லண்டனை விட்டுவிடுவதே நல்லது.

பதினைந்து பதினாறு இரவுகள் கையில் இருந்தால் பெர்லின், லைப்சிக், டிரெஸ்டன், பிராக், வியன்னா என்ற ரயில் பாதைக்கு நிகரான இசை வழி ஐரோப்பாவில் வேறில்லை. பெர்லினிலிருந்து லைப்சிக்கு ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து டிரெஸ்டனுக்கு ஒரு மணிக்குச் சற்று அதிகம். டிரெஸ்டனிலிருந்து எல்பே ஆற்றங்கரையோடு இரண்டரை மணி நேரத்தில் பிராக். பிராகிலிருந்து நான்கு மணி நேரத்தில் வியன்னா. காலையில் புறப்பட்டால் மாலைக் கச்சேரிக்குள் குளித்து உடைமாற்றி அரங்குக்குப் போய்விடலாம். இந்தப் பாதையில் வாரத்தின் கிழமைகளைக் கவனித்துத் திட்டமிட வேண்டும். வெள்ளியும் சனியும் லைப்சிக்கில், அதற்கடுத்த வார ஞாயிறு வியன்னாவில் என்று அமையும்படி கணக்கிட்டால் மற்றவை தாமாகப் பொருந்தும். பெர்லினில் திங்கள் முதல் வியாழன் வரை, லைப்சிக்கில் ஞாயிறு காலை வரை, டிரெஸ்டனில் ஓரிரு நாள், பிராகில் மூன்று நாள், வியன்னாவில் மிச்சமெல்லாம்.

பெர்லினில் மூன்று ஓபரா நிறுவனங்கள் இயங்குகின்றன. நகரம் இரண்டாகப் பிளந்திருந்த காலத்தில் இரு பக்கமும் தனித்தனி அரங்குகளை நடத்திய வரலாறு இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கிறது. எனினும் பெர்லினில் தவறவிடக் கூடாதது பில்ஹார்மனி. கட்டடக் கலைஞர் ஹான்ஸ் ஷரோன் வடிவமைத்து 1963இல் திறந்த அரங்கு அது. இசைக்குழுவை நடுவில் வைத்து, சுற்றிலும் மலைச்சரிவுத் தோட்டம்போல் இருக்கைகளை அடுக்கினார் அவர். மேடைக்குப் பின்னாலுள்ள இருக்கைகள் மலிவு, நடத்துநரின் முகத்தை நேரே பார்க்கலாம். புரூக்னர், ஷோஸ்டகோவிச் போன்றோரின் சிம்பொனிக்கு அந்த இடம் அருமை. பாடகர் இடம்பெறும் நிகழ்ச்சிக்கு அங்கே உட்காரக் கூடாது; குரல் எதிர்த் திசையில் போய்விடும். பருவ மாதங்களில் வாரம் ஒரு நாள் மதியம் இதன் முன்கூடத்தில் இலவசக் கச்சேரி நடப்பது வழக்கம்.

லைப்சிக்கில் இரண்டு இரவுகள் தங்குவதற்குக் காரணம் ஒரு தேவாலயம். யோஹான் செபாஸ்டியன் பாக் 1723 முதல் 1750இல் இறக்கும்வரை புனித தோமா தேவாலயத்தின் இசைப் பொறுப்பில் இருந்தார். முதல் சில ஆண்டுகளில் ஏறக்குறைய வாரந்தோறும் கான்டாட்டா என்ற வழிபாட்டு இசைப்படைப்பைப் புதிதாக எழுதிச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து ஞாயிற்றுக்கிழமை பாடவைத்த வேலை அது. அந்தச் சிறுவர் பாடகர் குழு 1212இல் தோன்றியது, இன்றும் பாடுகிறது. வெள்ளி மாலை 6 மணிக்கும் சனி பிற்பகல் 3 மணிக்கும் மொட்டெட் எனப்படும் இசை வழிபாடு நடக்கும். சனிக்கிழமைகளில் பெரும்பாலும் பாக்கின் கான்டாட்டா ஒன்று முழுமையாக இடம்பெறும், நகரின் கேவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் கலைஞர்கள் வாசிப்பார்கள். கட்டணம் ஓரிரு காப்பிக்கு ஆகும் செலவைத் தாண்டாது. முன்பதிவு பெரும்பாலும் தேவையில்லை. முக்கால் மணி நேரம் முன்னால் போய் நின்றால் இடம் கிடைக்கும். கேட்பவர்கள் பலிபீடத்தை நோக்கி அமர்ந்திருக்க, பாடகர்கள் மேற்குப் பக்க மாடத்தில் பின்னால் நிற்பார்கள். பாடுபவர் யாரென்று தெரியாமல், மேலிருந்து இறங்கும் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். பாக் தம் இசையை அந்த மாடத்திலிருந்துதான் ஒலிக்கவைத்தார். அவருடைய எலும்புகள் 1950 முதல் அதே தேவாலயத்தின் பலிபீடத்தின் முன் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. இந்த முழுப் பயணத்தில் ஒரே ஒரு நிகழ்ச்சியைத்தான் கேட்க முடியும் என்ற நிலை வந்தால், அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலைத் தேர்வது சரியாக இருக்கும். பள்ளி விடுமுறைகளிலும் வெளியூர்ப் பயணங்களிலும் இந்தக் குழு இருக்காது. வேறு குழு பாடும். தேதியை உறுதிசெய்துகொண்டே ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் பயணம் அமைந்தால் இன்னொரு பேறு கிட்டும். பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’ என்ற இசைப்படைப்பு 1727இல் இந்தத் தேவாலயத்தில்தான் முதலில் பாடப்பட்டதாக இசை வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். அதையோ யோவான் பாடுகளையோ பெரிய வெள்ளியை ஒட்டிக் கேட்கும் வழக்கம் ஜெர்மனி முழுதும் வேரூன்றியிருக்கிறது. பாக் இறந்தபின் பொதுமக்கள் நினைவிலிருந்து நழுவிக்கொண்டிருந்த மத்தேயு பாடுகளை 1829இல் பெர்லினில் மறுபடி மேடையேற்றியவர் இருபது வயது மெண்டல்சன். பின்னர் அவர் லைப்சிக்குக்கே வந்து கேவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவை நடத்தினார். அவர் இறந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

டிரெஸ்டனின் செம்பர் ஓபரா 1945 பிப்ரவரி 13 குண்டுவீச்சில் எரிந்து, சரியாக நாற்பது ஆண்டு கழித்து அதே தேதியில் மீண்டும் திறக்கப்பட்டது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘சலோமி’, ‘எலெக்ட்ரா’, ‘ரோஸன்கவாலியர்’ மூன்றும் முதன்முதலில் ஒலித்த மேடை என்பதால், ஸ்ட்ராஸ் நிகழும் இரவு கிடைத்தால் அதற்காகத் திட்டத்தை ஒரு நாள் நகர்த்தலாம். பிராகில் எஸ்டேட்ஸ் அரங்கம் சிறியது, 1783இல் கட்டியது. மொசார்ட் 1787 அக்டோபர் 29 அன்று ‘டான் ஜோவான்னி’யைத் தாமே நடத்தி அரங்கேற்றியது அங்கேதான். இப்போதும் அதே ஓபரா அங்கே மேடையேறுகிறது. செக் பில்ஹார்மனிக் குழுவின் வீடு ருடால்ஃபினம். 1896 ஜனவரியில் அக்குழுவின் முதல் கச்சேரியை நடத்தியவர் த்வோர்ஷாக். அந்தக் குழு த்வோர்ஷாக் வாசிக்கும் மாலை அமைந்தால் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை.

வியன்னாவில் நாள்கள் போதவே போதாது. அரசு ஓபரா 1869 மே 25 அன்று ‘டான் ஜோவான்னி’யோடு திறந்தது, போரின் இறுதியில் 1945 மார்ச்சில் குண்டுக்கு இரையாகி, பத்தாண்டுக்குப் பின் 1955 நவம்பரில் பேத்தோவனின் ‘ஃபிடெலியோ’வோடு மீண்டது. அங்கே வாசிக்கும் இசைக்குழுவிலிருந்துதான் வியன்னா பில்ஹார்மனிக் குழுவின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஓபராப் பள்ளத்தில் குறைந்தது மூன்று ஆண்டு வாசித்த பிறகே ஒருவர் அந்தக் குழுவில் சேர விண்ணப்பிக்கலாம். இந்தச் செய்தி பயணிக்கு மிகப் பயன்படும். மியூசிக்ஃபெராயின் அரங்கின் பொன் கூடத்தில் அந்தக் குழு சனிப் பிற்பகலும் ஞாயிறு காலை 11 மணிக்கும் நடத்தும் கச்சேரிகளின் இருக்கைகள் சந்தாதாரர்களுக்கு உரியவை. புதுச் சந்தாவுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். திரும்பி வரும் சீட்டுகளில் ஒன்று கிடைத்தால் நல்ல காலம். கிடைக்காவிட்டாலும் அதே கலைஞர்களை அன்றிரவே ஓபராவில் கேட்கலாம்.

ஓபராவில் இருக்கை கிடைக்காதவர்களுக்கும் பணம் குறைவாக உள்ளவர்களுக்கும் நின்று கேட்கும் இடங்கள் இருக்கின்றன. இருநூறு யூரோ இருக்கைகளுக்கு நேர் பின்னால், மேடைக்கு நடு நேராக, முன்னாள் பேரரசர் மாடத்தின் கீழே அவை அமைந்துள்ளன. விலை அதில் ஒரு சிறு பங்கு. நிகழ்ச்சி நாளன்றே இவை பெருமளவு விற்பனைக்கு வரும். முன்னால் உள்ள கம்பியில் கைக்குட்டையோ துண்டோ கட்டிவிட்டால் அந்த இடம் கட்டியவருக்குச் சொந்தம். இடைவேளையில் வெளியே போய் வந்தாலும் யாரும் அதில் நிற்கமாட்டார்கள். பல தலைமுறையாக வியன்னா மாணவர்கள் இசை கற்றது இந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டுதான். அந்த மாணவர்களுள் ஒருவராக மும்பையிலிருந்து 1954இல் படிக்கப்போன ஸுபின் மேத்தா, பின்னாளில் வியன்னாப் புத்தாண்டுக் கச்சேரியை ஐந்து முறை நடத்தினார். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான்கு மணி நேர வாக்னரை நின்று கேட்பது உகந்ததல்ல. அவர்கள் ‘லா போஹேம்’ போன்ற இரண்டு மணி நேர ஓபராவுக்கு நிற்கலாம். வசந்தத்திலும் செப்டம்பரிலும் ஓபராவின் பக்கவாட்டுச் சதுக்கத்தில் பெருந்திரையில் உள்ளே நடப்பதை நேரலையாக, இலவசமாகக் காட்டும் வழக்கமும் உண்டு.

மியூசிக்ஃபெராயின் பொன் கூடத்தின் பெயர் இசை உலகம் முழுதும் ஒலிப்பதற்குக் காரணம் அதன் அளவு. நீளம் 48.8 மீட்டர், அகலம் 19.1 மீட்டர், உயரம் 17.75 மீட்டர். தீப்பெட்டி வடிவில் குறுகி உயர்ந்த கூடம். பக்கச் சுவர்கள் அருகில் இருப்பதால் ஒலி இரு காதுகளுக்கும் பக்கவாட்டிலிருந்து உடனே வந்து சேர்ந்து, கேட்பவரைச் சூழ்ந்துகொள்கிறது. மரத்தளமும் சுவரோரச் சிலைகளும் பள்ளமேடான கூரையும் அந்த ஒலியைச் சிதறடித்து மென்மையாக்குகின்றன. தேயோஃபில் ஹான்ஸன் இதைக் கட்டி முடித்த 1870இல் ஒலியியல் ஒரு தனி அறிவியலாக இன்னும் வளரவில்லை. பின்னர் வந்த அறிவியல் இந்தக் கூடத்தை அளந்து பார்த்துத்தான் பலவற்றைக் கற்றது. பக்க மாடத்தின் பின் வரிசைகளில் மேடை கண்ணுக்குத் தெரியாது; ஒலி மட்டும் குறைவில்லாமல் வரும். இசைக்காகவே போகிறவர் அங்கே தாராளமாக உட்காரலாம். ஓபராவில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. குதிரைலாட வடிவ அரங்கின் பக்கப் பெட்டிகளில் இரண்டாம், மூன்றாம் வரிசை எடுத்தால் பாதி மேடை மறையும். கதையும் பாதி போய்விடும்.

வியன்னாவில் ஞாயிறு காலையைத் தூங்கிக் கழிக்கக் கூடாது. அகுஸ்தீனர் தேவாலயத்தில் 11 மணித் திருப்பலியில் ஹைடன், மொசார்ட், ஷூபர்ட் இயற்றிய திருப்பலி இசை முழு இசைக்குழுவுடன் ஒலிக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை, காணிக்கை போடலாம். மையச் சாலைகளில் மொசார்ட் காலத்துப் பொய்முடியும் சிவப்பு அங்கியும் அணிந்து டிக்கெட் விற்பவர்கள் வேறு வகையினர். அவர்கள் விற்பது பயணிகளுக்கென்று கோத்த துணுக்குக் கச்சேரி. விலையோ ஓபரா இருக்கைக்குச் சமம். அந்தப் பணத்தில் ஓபராவில் ஒரு முழு ‘ஃபிகாரோ’ கேட்கலாம்.

எந்தப் படைப்பைத் தேர்வது என்பதில் புதியவர்கள் தடுமாறுவார்கள். ‘லா போஹேம்’, ‘கார்மென்’, ‘லா ட்ராவியாட்டா’, ‘டோஸ்கா’, ‘மாயப் புல்லாங்குழல்’ ஆகிய ஐந்தில் எது கிடைத்தாலும் நல்ல தொடக்கம். கதை எளிது, இசை முதல் தடவை கேட்கும்போதே பிடிபடும். வாக்னரில் நுழைய ‘பறக்கும் டச்சுக்காரர்’ போதும். ‘நிபெலுங் மோதிரம்’ நான்கு இரவுகளில் பதினைந்து மணி நேரம் ஓடும், அதற்குத் தனிப் பயணமே வேண்டும். மொழி ஒரு தடையே இல்லை. மேடைக்கு மேலோ இருக்கைக்கு முன்னோ உள்ள சிறு திரையில் மொழிபெயர்ப்பு ஓடும், பல இடங்களில் ஆங்கிலமும் இருக்கும். ஆனாலும் போவதற்கு முன் பாடல்வரிகளை ஒரு முறை படித்து, பதிவைக் குறைந்தது மூன்று நான்கு முறை கேட்டிருக்க வேண்டும். தெரிந்த ராகத்தில் ஆலாபனை கேட்பவருக்குக் கிடைக்கும் இன்பம் தெரியாத ராகத்தில் உடனே கிடைப்பதில்லை. ஓபராவிலும் சிம்பொனியிலும் இது அப்படியே பொருந்தும். எட்டு நிகழ்ச்சிக்கு எட்டுப் படைப்பு என்றால், பயணத்துக்கு முந்தைய மூன்று மாதங்களை அவற்றோடு கழிக்கலாம்.

தயாரிப்பு பற்றியும் விசாரித்துக்கொள்வது அவசியம். ஜெர்மன் அரங்குகளில் இயக்குநர்கள் பழைய கதையை இன்றைய அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ நிகழ்த்துவது வழக்கம். பட்டுடையும் அரண்மனையும் எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். புதுமை என்பதற்காகவே அதை ஒதுக்கிவிடவும் கூடாது. பிரெஞ்சு இயக்குநர் பாட்ரிஸ் ஷெரோ 1976இல் வாக்னர் விழா நடக்கும் பைராய்ட்டில் ‘மோதிர’த்தைத் தொழிற்புரட்சிக் காலத்து முதலாளிகளின் கதையாக அமைத்தபோது அரங்கில் கூச்சல் எழுந்தது, 1980இல் அதே தயாரிப்பின் கடைசி நிகழ்வில் கைதட்டல் ஓயவில்லை. அரங்கின் இணையதளத்தில் மேடைப் படங்கள் இருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டினால் மனக்குறை வராது.

ஜூலை, ஆகஸ்டில் மட்டுமே விடுப்பு கிடைப்பவர்கள் விழாக்களை நாட வேண்டும். சால்ஸ்பர்க் விழா 1920இல் தொடங்கியது. வியன்னா பில்ஹார்மனிக் கோடையில் அங்கேதான் இருக்கும். விலை அதிகம், நகரமும் அந்த வாரங்களில் நெரிசல். பைராய்ட் முழுக்க வாக்னருக்கு உரியது. 1876இல் அவரே கட்டித் திறந்த அரங்கில் இசைக்குழு மேடைக்கடியில் மறைந்திருக்கும், மரநாற்காலிகள் கடினமானவை, பிற்பகல் 4 மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேர இடைவேளைகளோடு இரவுவரை நீளும். முதல் ஓபராவாக அதைத் தேர்வது தவறு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வெரோனா ஏற்றது. ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கில் 1913 முதல் ஓபரா நடக்கிறது. கல்படிகளில் உட்கார்ந்தால் செலவு குறைவு. பொழுது சாய்ந்தபின் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும். நுணுக்கமான இசைக்கு அது இடமில்லை, ‘ஐடா’வின் பிரம்மாண்டத்துக்கு ஏற்ற இடம்.

நாளுக்கு ஒரு நிகழ்ச்சி என்பதே சரியான அளவு. மே மாதத்தில் மத்திய ஐரோப்பா இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. வியன்னாவில் மாலை 7 மணி என்றால் உடல் கணக்கில் இரவு பத்தரை. இறங்கிய முதல் நாளோ இரண்டாம் நாளோ நீண்ட ஓபராவுக்குப் பணம் கட்டினால் மூன்றாம் அங்கத்தில் கண் சொருகும். முதல் மாலைக்கு ஒரு மணி நேர அறையிசை போதும். நிகழ்ச்சி முடியும்போது பல உணவகங்கள் அடுப்பை அணைத்திருக்கும். சைவம் உண்பவர்கள் ஐந்து மணிக்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. இடைவேளையில் விற்கும் சிறு ரொட்டித் துண்டுகளில் பலவற்றில் மீனோ இறைச்சியோ இருக்கும்.

தாமதமாக வருபவரை உள்ளே விடமாட்டார்கள். இடைவேளைவரை வெளியே திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இடைவேளையே இல்லாத ‘சலோமி’க்குத் தாமதித்தால் அந்த இரவு கைவிட்டுப் போயிற்று. மேலங்கியையும் பையையும் வாசலில் உள்ள காப்பறையில் ஒப்படைக்க வேண்டும். உடையில் கட்டாயம் குறைவு. பட்டுப் புடவையும் வேட்டியும் எங்கும் மதிப்போடு பார்க்கப்படும், சாதாரண முழுக்காற்சட்டையும் போதும். கையால் தாளம் போடுவதும் ‘பலே’ சொல்வதும் நம் கச்சேரிகளில் பாடுபவருக்கு ஊக்கம்; அங்கே பக்கத்து இருக்கைக்காரருக்கு இடையூறு. சிம்பொனியின் பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவதில்லை. ஓபராவில் ஆரியா எனப்படும் தனிப்பாடல் முடிந்ததும் தட்டலாம், அதுவும் இசை நின்றபின். சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வோர் அரங்கின் வயது வரம்பை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கென்று சுருக்கிய ‘மாயப் புல்லாங்குழல்’ போன்ற பகல் நிகழ்ச்சிகளைப் பல அரங்குகள் நடத்துகின்றன.

பாடகர்களின் தொண்டை கெடுவது அன்றாட நிகழ்வு. பெயர் பெற்ற ஒருவருக்காகவே டிக்கெட் எடுத்திருந்தாலும் அன்று காலை அவர் விலகி வேறொருவர் பாடக்கூடும். நிகழ்ச்சியே ரத்தானால்தான் பணம் திரும்பும். பாடகர் மாறினால் திரும்பாது. ஆகவே தனி ஒருவருடைய பெயரைவிடப் படைப்பையும் இசைக்குழுவையும் அரங்கையும் பார்த்துத் தேர்வது பயணிக்கு உறுதியான வழி. கடைசி நேர மாற்றம் அரங்கின் இணையதளத்தில் அன்றன்று வெளியாகும். வரமுடியாமல் போனவர்களின் சீட்டுகளும் அதே தளத்திலோ மாலையில் டிக்கெட் சன்னலிலோ விற்பனைக்கு வரும். விற்றுத் தீர்ந்ததாக மாதக்கணக்கில் காட்டிய நிகழ்ச்சிக்கும், திரை உயர ஒரு மணி நேரம் இருக்கும்போது அந்தச் சன்னலருகே ஓரிரு இடம் கிடைப்பதுண்டு.